கோயில்காட்டில் இறங்கி நடந்தவர்

1998 நவம்பர் 11, புதன்கிழமை, காலை பதினொன்றேகால் மணி. மூடுபனி, இடையிடையே தூறல். பலாமரத்து முக்கில் ஒரு ஜீப், ஒரு காலி பஸ், அறுபத்து மூன்று பேர், எட்டுக் குடைகள். எண்ணுவது எனக்கு வியாதி. எண்ணாமல் விட்டால் ஏதோ ஒன்று தொலைந்துவிடும் என்று பயம் வந்துவிடும்.

அந்த அறுபத்து மூன்றாவது ஆள்தான் அவர். கூட்டத்தின் கடைசியில், குடை இல்லாமல், தலையில் ஒரு மரவள்ளி மூட்டையோடு நின்றார். மூட்டை அவருடையது இல்லை. பக்கத்து வீட்டுக் கிழவருடையது. அந்தக் கிழவர் ஜீப்பில் வந்த அதிகாரியைக் கிட்டத்தில் பார்க்க முன்னால் போய்விட்டார். கீழே எல்லாம் சேறு என்பதால் இவர் மூட்டையை வாங்கித் தலையிலேயே வைத்திருந்தார். கூட்டம் முடிய இரண்டு மணி நேரம் ஆயிற்று. அதுவரை மூட்டை இறங்கவில்லை.

செம்மேட்டிலிருந்து எங்கள் பக்கம் வரும் பஸ் அந்த முக்கோடு திரும்பிவிடும். அதற்கு மேல் மூன்று கிலோமீட்டர் தள்ளி மேல்வளவு, நான் குடியிருக்கும் ஊர். நான் மலைக்காரன் இல்லை. அடிவாரத்தில் பிறந்து, செம்மேட்டில் ஒரு அலுவலகத்தில் கணக்கு எழுதி, ஓய்வு பெற்ற பிறகு மேல்வளவில் ஒரு மிளகுத் தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்துக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டவன். மேல்வளவுக்குப் புதிதாகத் தார் ரோடு போட்டிருந்தார்கள். பஸ்ஸை எதுவரை நீட்டலாம் என்று முடிவு செய்யத்தான் டிப்போவிலிருந்து அதிகாரி வந்திருந்தார்.

"இங்கயே நிக்கட்டுமுங்க சார்" என்றாள் முக்கில் டீக்கடை வைத்திருந்த அம்மாள். "எறங்குறவங்க ஒரு டீயக் குடிச்சிட்டுத் தெம்பா நடந்து போவாங்க."

"நீ ஒரு நாளைக்கு அந்தத் தெம்புல ராகி மூட்டயத் தூக்கிட்டு மேல்வளவு வரைக்கும் வா அக்கா. டீ நான் வாங்கித் தாரேன்" என்று ஒரு பெண் சொன்னதும் எல்லோரும் சிரித்தார்கள்.

அதிகாரி என்னைப் பார்த்தார். மனு எழுதியவன் நான். "எத்தனை பேர் ஏறுவாங்க?"

"காலையில் இருபத்தெட்டு, சாயங்காலம் முப்பத்தொன்று."

"சாயங்காலம் மூணு பேர் எப்படிங்க கூடுவாங்க?"

"காலையில் பஸ்ஸுக்குக் காத்திராமல் நடந்தே போகும் மூன்று பேர் இருக்கிறார்கள். வரும்போது அவர்களும் ஏறுவார்கள்."

அவர் டிரைவரைப் பார்த்துச் சிரித்தார். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் கணக்கு எடுபட்டது. மேல்வளவு வரைக்கும் விடலாம் என்று அவர் சொல்லிவிட்டார். அப்போதுதான் ஊர்க்கவுண்டர் வாயைத் திறந்தார்.

"வண்டி வரட்டுமுங்க. யாரு வேண்டாம்னா? ஆனா நடுவுல கோயில்காடு இருக்குது."

எங்கள் ஊருக்குப் போகும் ரோடு பெரியசாமி கோயில்காட்டை ஒட்டிப் போகிறது. சாமி முகத்துக்கு நேராக யாரும் வண்டியில் உட்கார்ந்தபடி போகக் கூடாது. மோட்டார் பைக் வைத்திருக்கிறவன் இறங்கித் தள்ளிக்கொண்டு போவான். மரவள்ளி லாரியின் மேலே உட்கார்ந்து வரும் ஆட்கள் காட்டின் கீழ்முனையில் குதித்து, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்து, மேல்முனையில் மறுபடியும் ஏறுவார்கள். டிரைவருக்கு மட்டும் விலக்கு உண்டு. வண்டியைப் பிடித்திருக்கிறவன் வேலைக்காரன், அவனைச் சாமி கேட்காது.

"அம்பது பேர எறக்கி, நடக்க வெச்சு, திரும்ப ஏத்தணுமா?" என்றார் டிரைவர். "மழையில, கைக்கொழந்தயோட? அர மணி நேரம் போயிருமுங்க சார். நான் எப்பத் திரும்பறது?"

"அப்போ காட்டுக்கு இந்தப் பக்கமே நிறுத்திடலாம்" என்றார் அதிகாரி.

"இந்தப் பக்கம் பஸ் திரும்ப எடமில்லீங்க" என்றார் டிரைவர்.

"அப்படீன்னா இந்த முக்குதான் கடைசி." அவர் ஜீப்பை நோக்கி நடக்கத் தொடங்கினார். டீக்கடை அம்மாள் மட்டும் முகம் மலர்ந்து நின்றாள்.

மூட்டையோடு நின்ற அவர் அப்போதுதான் முன்னால் வந்தார்.

"சார், சித்த நில்லுங்க. எல்லாருக்கும் பதிலா நான் எறங்கி நடக்கறனுங்க. பஸ்ஸு எம்பொறகால மெதுவா வரட்டும். சாமிகிட்ட நான் சொல்லிக்கறேன்."

வேறு ஊராக இருந்தால் இதற்குச் சிரித்திருப்பார்கள். எங்கள் ஊரில் யாரும் சிரிக்கவில்லை. அவர் பிறருக்குப் பதிலாகப் போவது அந்த ஊரில் செல்லுபடியாகிற விஷயம்.

அவருடைய வாயில் எப்போதும் ஒரே பேச்சுதான். "அதுக்கென்னங்க, நான் இருக்கறனுங்களே." திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போன ஒரு பையன் அம்மை கண்டு கிடந்தபோது மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்டான். பிழைத்தான், ஆனால் லீவு கிடைக்கவில்லை. அவனுடைய அம்மா புலம்பியதைக் கேட்டு இவர் போய்த் தன் தலையைக் கொடுத்துவிட்டு வந்தார். பொங்கலுக்கு ஊருக்கு வந்த அந்தப் பையன் சுருட்டை முடியில் எண்ணெய் வழிய வாரிக்கொண்டு, இவருடைய மொட்டையைப் பார்த்து, "ஏனுங்க மாமா, ஏதாச்சும் வேண்டுதலா?" என்று கேட்டான். "ஆமாஞ் சாமி, ஒரு வேண்டுதல்" என்று இவர் சொல்லிவிட்டுப் போனார். கர்ப்பிணிப் பெண் ஒருத்தி விரதம் இருக்க முடியாதென்று அவளுக்காக மூன்று செவ்வாய்க்கிழமை பட்டினி இருந்தார். ரேஷன் கடை வரிசையில் தன் பையையும் சேர்த்து ஐந்தாறு பைகளோடு நிற்பார். மண்ணெண்ணெய் தீரும் நிலை வந்தால் தன் பையை எடுத்துக் கடைசியில் வைத்துவிடுவார்.

எனக்கே ஒரு முறை நடந்தது. அடிவாரத்தில் என் பெரியப்பா மகன் இறந்துபோனார். எனக்கு இரண்டு முட்டியும் வீங்கிக் கிடந்தது. எழுபது கொண்டை ஊசி வளைவு இறங்கி, அதே எழுபதும் ஏறி வர என்னால் ஆகாது. இவர் வாசலில் வந்து நின்றார்.

"நான் போயிட்டு வாரனுங்க."

"நீங்க போயி என்ன செய்வீங்க? அங்கே உங்களை யாருக்கும் தெரியாதே."

"கணக்கரய்யாவுக்குப் பதிலா வந்தேன்னு சொல்றேன்."

போனார். கருமாதிவரை இருந்தார். பிறகு என் அத்தை மகள் எனக்குச் சொல்லி அனுப்பினாள்: "உன் ஆளு நல்லா அழுதாரு. நீ வந்திருந்தா இவ்வளவு அழுதிருக்கமாட்டே." அது உண்மைதான். எனக்கு உறுத்தலாக இருந்தது. முன்பின் தெரியாத ஒருவருக்காக எப்படி அழுதீர்கள் என்று அவரைக் கேட்டேன். "நீங்க எப்படி அழுவீங்கன்னு நெனச்சேன், வந்திருச்சுங்க" என்றார். அந்தப் பதில் எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு மனிதன் தன்னுடையது என்று கொஞ்சமாவது வைத்துக்கொள்ள வேண்டாமா?

ஆனால் பஸ் விஷயத்தில் அவர் ஊருக்காக மட்டும் பேசவில்லை. அந்த ஒரு காரியத்தில்தான் அவருக்கென்று ஒரு தேவை இருந்தது. அவருடைய மனைவிக்குச் சர்க்கரை வியாதி. வலது பாதத்தில் ஒரு புண், ஆறவே இல்லை. வாரம் ஒரு நாள் செம்மேட்டில் கட்டு மாற்ற வேண்டும். கம்பில் கம்பளியைத் தூளிபோலக் கட்டி, நான்கு பேர் தூக்கிக்கொண்டு முக்குவரை நடக்க வேண்டும். ஊரில் எல்லார் சுமையையும் சுமந்தவருக்குத் தூளி தூக்க நாலாவது ஆள் கிடைக்காத வாரங்கள் இருந்தன. கட்டு மாற்றாமல் போன வாரங்களில் விரல்கள் கறுத்தன. கூட்டம் நடந்த அன்று அந்தப் பாதத்தில் மூன்று விரல்தான் மீதி.

"ஊருக்கெல்லாம் இவரு ஆளுங்க கணக்கரய்யா" என்று அந்த அம்மாள் என்னிடம் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறாள். "எனக்குத்தான் ஆளில்ல. ஏன்னா நான் ஊரில்லையே, ஊடுதான?"

முக்கில், ஊர்க்கவுண்டர் அவரைக் கேட்டார். "தெனமுமா?"

"தெனமும்."

"ரெண்டு வேளையும்?"

"ரெண்டு வேளையுமுங்க."

"நீ இல்லாத அன்னிக்கு?"

"நான் எங்கீங்க போறேன்?"

அதிகாரிக்கு இது எதுவும் புரிந்திருக்காது. யாரோ ஒருவர் முன்னால் நடந்தால் பஸ் போகலாம் என்பது மட்டும் புரிந்தது. அதற்குப் போக்குவரத்துக் கழகத்துக்குச் செலவில்லை. சரி என்றார்.

தை மாதம் பஸ் மேல்வளவுக்கு வந்தது. சாயங்காலம் கோயில்காட்டின் கீழ்முனையில் அவர் காத்திருப்பார். பஸ் நிற்கும். அவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, வெறுங்காலோடு நடுரோட்டில் நடப்பார். பின்னால் முதல் கியரில் பஸ் உறுமிக்கொண்டே வரும். உள்ளே பேச்சு அடங்கிவிடும். குழந்தைகூட அழாது. கண்ணாடி வழியாக அவருடைய முதுகு மட்டும் தெரியும். சில நாள் மழை, சில நாள் பத்தடிக்கு மேல் ஒன்றும் தெரியாத பனி. அப்போதும் அந்த முதுகைப் பார்த்துத்தான் டிரைவர் ஓட்டுவார். மேல்முனைக்கு வந்ததும் அவர் ஒதுங்கி, படியேறி, கண்டக்டரிடம் சில்லறையை நீட்டுவார்.

"பெருசு, உங்களுக்கு எதுக்குங்க டிக்கெட்டு? சும்மா வாங்க" என்று கண்டக்டர் சொல்லாத நாளில்லை.

"டிக்கெட்டு வித்தாத்தானுங்க பஸ்ஸு ஓடும். ஆளில்லேன்னு நிறுத்திப்புட்டா?"

காலையில் மேல்வளவில் ஏறி, காட்டில் இறங்கி நடந்து, கீழ்முனையில் பஸ்ஸை அனுப்பிவிட்டுத் திரும்பி வீட்டுக்கு நடப்பார். வாரம் ஒரு நாள், அதே பஸ்ஸில் அவருடைய மனைவி ஜன்னலோரம் உட்கார்ந்து போவாள். கட்டுப் போட்ட காலை எதிர் சீட்டுக்காரர்கள் ஒதுங்கி நீட்டச் சொல்வார்கள். பஸ் காட்டைத் தாண்டி வேகம் எடுக்கும்போது அவள் அவரைத் திரும்பிப் பார்ப்பாள். அவர் கையைத் தூக்கமாட்டார். தலையை ஒரு முறை ஆட்டுவார்.

ஒரே ஒரு நாள் அவருக்குக் காய்ச்சல் கண்டு வரமுடியாமல் போயிற்று. பஸ் காட்டின் கீழ்முனையில் நின்றது. யாராவது ஒருவர் இறங்கி முன்னால் நடந்தால் போதும். முப்பது பேர் ஒருவரை ஒருவர் பார்த்தோம். சாமியிடம் முப்பது பேருக்காகவும் பதில் சொல்லும் தைரியம் யாருக்கும் இல்லை. தனக்காக நடப்பது வேறு, ஊருக்காக நடப்பது வேறு. கடைசியில் எல்லோரும் இறங்கி அவரவருக்காக நடந்தோம். டிரைவர் கோபத்தில் பஸ்ஸை ரிவர்ஸிலேயே ஓட்டிக்கொண்டு முக்குக்குப் போய்விட்டார். மேல்வளவுக்கு இருட்டிய பிறகு வந்து சேர்ந்தோம். மறுநாள் காய்ச்சலோடேயே அவர் வந்து நின்றார். அதற்குப் பிறகு அவர் ஒரு நாளும் தவறியதில்லை.

2001 ஐப்பசியில் அவருடைய மனைவியின் காலை முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். கீழே டவுன் ஆஸ்பத்திரியில் சேர்த்து இரண்டு மூன்று வாரம் கூட இருக்க வேண்டும். அவர் வீடுவீடாகப் போனார். தனக்காக அவர் ஒன்று கேட்டுப் போனதை அன்றுதான் பார்த்தேன்.

"ஒரு வாரமாவது யாராச்சும் எறங்கி நடங்க சாமி."

மொட்டை வேண்டிக்கொண்ட திருப்பூர்ப் பையன் ஊருக்கு வந்திருந்தான். "எனக்கு அந்தச் சாமி பழக்கமில்லீங்க மாமா" என்றான். இன்னொருவர் வீட்டில் தீட்டு. இன்னொருவர் பார்க்கலாம் என்றார். அவர் கோபப்படவில்லை. எனக்குத்தான் கோபம். ஆனால் என் முட்டியும் ஒரு சாக்குதானே. கடைசியில் என் வீட்டுக்கு வந்து நின்றார்.

"கணக்கரய்யா, உக்காந்திருக்கற வேலைதானுங்க. எனக்குப் பதிலா நீங்க ஆஸ்பத்திரியில இருக்கறீங்களா?"

போனேன். என் தங்கை மகளையும் துணைக்கு வரச்சொல்லிக்கொண்டேன். பத்து நாள் இருந்தேன். காலை எடுத்த பிறகு நாலு நாள் அந்த அம்மாள் நன்றாகத்தான் இருந்தாள். "எடை கொறஞ்சிருச்சு, தூளிக்கு ரெண்டு பேரு போதும்" என்று சொல்லி நர்ஸைக்கூடச் சிரிக்கவைத்தாள். பிறகு காய்ச்சல் வந்தது, இறங்கவில்லை. பத்தாம் நாள் அவர் காலை பஸ்ஸை நடத்திவிட்டு அதே பஸ்ஸில் ஏறி, மதியத்துக்கு வந்து சேர்ந்தார். கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து அவளுடைய இருக்கிற காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார். ஒன்றரை மணி வாக்கில் அவளே சொன்னாள்.

"கெளம்புங்க. பஸ்ஸுக்கு நேரமாயிரும்."

"இன்னிக்கு இருக்கறேன்."

"அத்தன சனம் மழையில நிக்கும். நானே மூணு வருசமா அதுல உக்காந்து வந்தவதான. போங்க. கணக்கரய்யா இருக்கறாரு."

அவர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அவர் போனார்.

சாயங்காலம் ஜன்னலுக்கு வெளியே மேற்கே மலை கறுத்து வந்தது. ஆறு மணி இருக்கும். அவள் கண்ணைத் திறக்காமலே கேட்டாள்.

"மேல மழ பேயுதுங்களா?"

எனக்கு எப்படித் தெரியும்? "இல்லைம்மா" என்றேன்.

"இந்நேரம் காட்டுக்கிட்ட நின்னுக்கிட்டு இருப்பாரு" என்றாள். பிறகு ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத் தங்கை மகள் என் தோளைத் தொட்டாள். எனக்கு அழுகை வந்தது. அது என்னுடையதா, அவருக்குப் பதிலாக வந்ததா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலை வாடகை வேனில் அவளை ஏற்றிக்கொண்டு மலை ஏறினோம். கோயில்காட்டின் கீழ்முனைக்கு வந்தபோது, காலை பஸ் எதிரே வந்து எங்களைத் தாண்டிப் போய் ஐந்து நிமிடம் ஆகியிருந்தது. அதை நடத்திவிட்டு அவர் ரோட்டோரம் நின்றிருந்தார். வேனின் முன்சீட்டில் என்னைப் பார்த்தார். நான் கதவைத் திறந்து காலைக் கீழே வைக்கப் போனேன்.

"நீங்க உக்காருங்க கணக்கரய்யா. முட்டி வலிக்கும்."

துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு திரும்பி நடந்தார். வேன் அவருக்குப் பின்னால் ஊர்ந்தது. முதுகு அதே முதுகுதான். நடையும் அதே நடைதான். ஊரே திரண்டு அழுத அன்று அவர் மட்டும் அழவில்லை. முன்பின் தெரியாத என் அண்ணனுக்காக அழுதவர். அவருக்குப் பதிலாக அழ அவருக்கு ஆள் கிடைக்கவில்லையோ என்னவோ.

மறுநாள் சாயங்காலம் அவர் காட்டில் நின்றிருந்தார். அந்தப் பஸ்ஸால் அவருக்கு இனிமேல் ஒரு பயனும் இல்லை. போக வேண்டியவள் போய்விட்டாள். பாதியில் நிறுத்திவிடுவார் என்று சிலர் சொன்னார்கள். நிறுத்தவில்லை. ஆனால் "நான் இருக்கறனுங்களே" என்று சொல்வதை மட்டும் நிறுத்திவிட்டார். வேறு யாருக்காகவும் அதன் பிறகு எங்கும் போகவில்லை. அந்த நடை மட்டும் மிஞ்சியது. டிக்கெட் வாங்குவதும்.

2004 மார்கழியில் அவர் இறந்தார். இரண்டு நாள் நெஞ்சுச் சளி, அவ்வளவுதான். அடக்கம் முடியும்வரை பஸ் முக்கோடு திரும்பிப் போனது. அதற்கடுத்த நாள் நான் பென்ஷன் வாங்கச் செம்மேட்டுக்குப் போய்விட்டு, சாயங்காலப் பஸ்ஸில் திரும்பினேன். பழைய டிரைவர்தான். முக்கில் நிறுத்தாமல் வந்துவிட்டு, பழக்கத்தில் கோயில்காட்டின் கீழ்முனையில் பிரேக் போட்டார். இன்ஜினை அணைத்தார். ரோட்டில் ஆள் இல்லை. பனி மட்டும் மரத்துக்கு மரம் நகர்ந்துகொண்டிருந்தது.

"என்னங்க பண்றது?" என்றார் கண்டக்டர்.

"போங்க. சாமிக்கு வெவரம் தெரியாதா?" என்றது ஒரு குரல்.

"நீ வேணா சொல்லிப்போட்டுப் போ. எம் புள்ளகுட்டி நல்லா இருக்கணும்" என்றது இன்னொன்று.

இருபத்தாறு பேர் இருந்தோம். யாரும் அசையவில்லை. டிரைவர் திரும்பிப் பார்த்தார். "இங்கயே எல்லாரும் எறங்கிக்குங்க. நாளையிலிருந்து முக்குதான் கடைசின்னு டிப்போவுல சொல்லிடறேன். என்னால தெனமும் இந்தப் பஞ்சாயத்துப் பண்ண முடியாதுங்க."

நான் எழுந்தேன். படியில் இறங்க எனக்கு ஒரு நிமிடம் பிடித்திருக்கும். "பெரியவரே, உங்களால ஆவாது" என்று யாரோ சொன்னார்கள். எனக்கு அந்தச் சாமி பழக்கமில்லை. என்ன சொல்லிக்கொள்வது என்றும் தெரியவில்லை. "அவருக்குப் பதிலா வந்திருக்கேன்" என்று மட்டும் வாய்க்குள் சொன்னேன். பின்னால் இன்ஜின் உறுமியது. பாதி தூரம் போன பிறகுதான் செருப்பைக் கழற்ற மறந்துவிட்டது நினைவுக்கு வந்தது. குனிய முடியாமல் காலாலேயே தள்ளிக் கழற்றி, தட்டுத்தடுமாறி எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டேன். பஸ் பொறுமையாக நின்றது. ஹாரன்கூட அடிக்கவில்லை. ரோடு அவ்வளவு குளிர்ந்திருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அந்த ஒரு நாள் தவிர, ஆறு வருடம் கண்ணாடி வழியாக மட்டும் பார்த்த ரோடு.

மேல்முனையில் ஒதுங்கி நின்றேன். இரண்டு பேர் என் கையைப் பிடித்து மேலே தூக்கினார்கள். டிரைவர் கியரை மாற்றினார். பஸ் மேல்வளவை நோக்கிக் கிளம்பியது. நான் சட்டைப் பையில் துழாவிக் கண்டக்டரிடம் கையை நீட்டினேன்.

"ஒரு மேல்வளவு."

"ஏனுங்கய்யா, செம்மேட்டுலயே எடுத்துட்டீங்களே?"

"அது என்னுது. இது அவருது."

கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார்.

இரண்டு ரூபாய்.